பொன்னாடைக்கு முன்

கட்டைக்கூத்தில் ஒரு பெரிய வேஷம் களத்துக்கு வருவது சட்டென்று நடந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழ வேண்டும். சலங்கை ஒலி கேட்க வேண்டும், கிரீடத்தின் நுனி தெரிய வேண்டும், வந்திருப்பவர் யார் என்று கட்டியக்காரன் விசாரிக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகே துரியோதனனோ கர்ணனோ முழு உருவில் நம் முன் நிற்பார். அதே வேஷம் தன் பகுதி முடிந்து உள்ளே போகும்போது யாரும் திரை பிடிப்பதில்லை. நம் கலைகள் பலவற்றிலும் நுழைவுக்கு உள்ள சடங்கு விலகலுக்குக் கிடையாது. நடனத்தில் சலங்கை பூஜை உண்டு, அரங்கேற்றம் உண்டு. ஆட்டத்தை நிறுத்துகிறவருக்கென்று ஒன்றும் இல்லை. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கலையைக் கற்றுக்கொடுப்பதற்காக ஏற்பட்ட சங்கங்களும் அறக்கட்டளைகளும் இந்தப் பழக்கத்தைத் தமக்குள்ளும் கொண்டுவந்துவிட்டன. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு விஜயதசமி இருக்கிறது, ஆண்டு விழா இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் கூட உழைத்தவர் விலகும்போது ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள், நினைவுப் பரிசு கொடுக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பேச வருகிறவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தில் வந்து முடிக்கிறார்கள்: இவருடைய இடத்தை யாராலும் நிரப்ப முடியாது, இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

அன்பினால் சொல்லப்படும் அந்த வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. ஒரு வங்கியிலோ ஆலையிலோ சொன்னால் அதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே பிறந்த நிறுவனம் அதைச் சொல்லும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் இவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டும் இவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த நிறுவனம் தன் வீட்டுக்குள் கற்பித்தலை மறந்துவிட்டது என்பதை அது மேடையிலேயே அறிவிக்கிறது. ஒரு கலைக்கல்வி அமைப்பு கற்பித்தலை எவ்வளவு உண்மையாக நம்புகிறது என்பது, மாணவர்களை அது வரவேற்கும் விதத்தைவிட, உடன் உழைத்தவர்களை அது அனுப்பிவைக்கும் விதத்தில்தான் தெரியும் என்று நான் நினைக்கிறேன். விடைகொடுப்பது அந்த அமைப்பு நடத்தும் கடைசிப் பாடம். பல இடங்களில் அந்தப் பாடம் நடத்தப்படாமலே போகிறது.

இத்தகைய அமைப்புகளில் நெடுநாள் உடன் இருந்தவர் என்றால் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவரும் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவரும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆனால் ஒரு சிறிய கலைப்பள்ளியைத் தாங்குகிறவர்களில் பாதிப் பேர் மேடைக்கு வருவதே இல்லை. கணக்கு எழுதுகிறவர், விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர், சமைக்கிறவர், உடுப்பையும் அணிகலனையும் பழுது பார்த்து அடுக்கி வைக்கிறவர், கிராமம் கிராமமாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளையை அழைத்துவருகிறவர் ஆகியோர் அந்தப் பாதி. ஆள் குறைவு என்பதால் இந்த வேலைகளில் மூன்று நான்கு ஒருவர் தலையிலேயே விழுவதும் உண்டு. சம்பளம் குறைவாக இருக்கும், வேலையின் எல்லை எழுதப்பட்டிருக்காது. அதனாலேயே அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. எந்தப் பிள்ளை அறுவடைக் காலத்தில் வகுப்புக்கு வராது, எந்தத் தகப்பனிடம் நேரே பேசாமல் பாட்டி வழியாகப் பேச வேண்டும், எந்த மாணவிக்குத் தாளம் தெரியும் ஆனால் கூச்சம் தடுக்கிறது என்பதெல்லாம் அவர்களுடைய மனக்கணக்கில் இருக்கும். பாடத்திட்டத்தை விட இந்த மனக்கணக்குதான் வகுப்பை நடத்துகிறது. அவர் போகும்போது அதுவும் சேர்ந்து போகிறது. அடுத்து வருகிறவர் அதை முதலிலிருந்து, பிள்ளைகளின் செலவில், கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நெடுங்காலப் பணி எதை உண்டாக்கும் என்பதற்கும், அது சரியாகக் கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே இடத்தில் சான்று கிடைக்கிறது. சிகாகோ நகரத்தில் ஹால்ஸ்டெட் தெருவில் 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் அது. இத்தாலியரும் கிரேக்கரும் யூதரும் பிற குடியேறிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளர் பகுதி. அங்கே இரண்டாண்டுக்குள் ஓவியக் காட்சிக்கூடம் எழுந்தது. 1893-இல் எலினார் ஸ்மித் இசைப்பள்ளியைத் தொடங்கினார். ஏழைக் குடியிருப்பின் நடுவே பிள்ளைகளுக்கு முறையாக இசை கற்பிக்கும் பள்ளி என்பது அன்று அமெரிக்காவில் புதிது. நியூயார்க்கில் எமிலி வாக்னர் அப்படியொரு பள்ளியைத் தொடங்கியது அடுத்த ஆண்டில்தான். எலினார் ஸ்மித் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளியை விட்டுப் போகவில்லை. அவருடன் அமாலி ஹானிக்கும் நெடுங்காலம் கற்பித்தார். நாடகக் குழுவை லாரா டெயின்டி பெல்ஹாம் 1924-இல் இறக்கும்வரை நடத்தினார். ஆலையிலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து நடித்தவர்களைக்கொண்டு அவர் உருவாக்கிய தரம் எத்தகையது என்றால், சிகாகோவில் லிட்டில் தியேட்டரை நிறுவிய மாரிஸ் பிரவுன், அமெரிக்காவின் சிற்றரங்க இயக்கத்தைத் தொடங்கிய பெருமை தனக்குரியதல்ல, பெல்ஹாமுக்கே உரியது என்று கூறினார். ஹல் ஹவுஸின் பையன்கள் வாத்தியக் குழுவில் வாசித்த பென்னி குட்மேன் பிற்காலத்தில் உலகம் அறிந்த ஜாஸ் கலைஞரானார். அவர் பெயர் நிலைத்தது. பையன்கள் கையில் வாத்தியத்தைக் கொடுத்து, மூச்சைத் திருத்தி, மாலைதோறும் காத்திருந்தவர்களின் பெயர்களை ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே அறிவார்கள்.

இதே ஹல் ஹவுஸில், ஒரு விலகல் எவ்வளவு நன்றாக அமைய முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. நீவா பாய்ட் என்பவர் குழந்தைகளின் விளையாட்டையும் நாட்டார் நடனத்தையும் கதையையும் கற்பித்தலுக்கான வழியாக வளர்த்தவர். அவர் பிள்ளைகளுக்கு மட்டும் கற்பிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகிறவர்களுக்கும் ஹல் ஹவுஸிலேயே ஒரு பயிற்சிப்பள்ளி நடத்தினார். 1924 முதல் 1927 வரை அதில் அவரிடம் படித்தவர்களில் ஒருவர் வயோலா ஸ்போலின். பாய்ட் 1927-இல் ஹல் ஹவுஸை விட்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். ஆள் போய்விட்டார், வேலை நின்றுவிடவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் அரசு நடத்திய வேலைத்திட்டத்தின் கீழ் 1939-இல் ஸ்போலின் சிகாகோவின் குடியேறிகளுக்கு நாடகம் கற்பிக்க வந்தபோது, ஆசிரியரிடம் கற்ற விளையாட்டுகளை நடிப்புப் பயிற்சிகளாக மாற்றினார். மொழி தடையாக இருந்த இடத்தில் விளையாட்டு கைகொடுத்தது. 1963-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் நாடகப் பயிற்சிக்கான கையேடாயிற்று. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் பங்கேற்று நிறுவிய செகண்ட் சிட்டி அரங்கம் அந்தப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. தன் நூலில் ஸ்போலின் நீவா பாய்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். இன்று தமிழ்நாட்டில் ஒரு நாடகப் பட்டறையில் பிள்ளைகள் வட்டமாக நின்று இல்லாத பந்தை எறிந்து பிடிக்கும்போது, 1927-இல் சிகாகோவில் விடைபெற்றுப் போன ஒரு பெண்மணியின் வேலை தொடர்கிறது. அவர் போகும் முன்பே அவருடைய வேலை வேறு பலர் கைகளில் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

இதற்கு எதிரே 2012-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு பேரிழப்பு நடந்திருந்தது. பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக 1960-களில் ஹல் ஹவுஸின் கட்டடங்களில் இரண்டைத் தவிர மற்றவை இடிக்கப்பட்டன. அப்போதும் அமைப்பு அழியவில்லை. அதன் பணியாளர்கள் நகரத்தின் வேறு பகுதிகளுக்குப் பரவி வேலையைத் தொடர்ந்தார்கள். கலை வகுப்புகளைவிடச் சமூக நலச் சேவைகளே பிற்காலத்தில் அதன் முதன்மைப் பணியாயின. 2012 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்திருந்த நிர்வாகம், ஜனவரி 27 அன்றே கதவைச் சாத்தியது. அமைப்பு திவாலாகியிருந்தது. ஏறத்தாழ 300 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 122 ஆண்டு வயதுள்ள ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு விடைகொடுக்க இரண்டு மாத அவகாசத்தைக்கூடக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. கட்டடங்கள் போனபோது பிழைத்த அமைப்பு, ஆட்கள் கலைக்கப்பட்டபோது முடிந்துபோனது. மிஞ்சியிருந்த இரண்டு கட்டடங்களும் இன்று அருங்காட்சியகம். நாற்காலியும் சுவரும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுத்த அமைப்பு இல்லை. நிறுவனம் என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாதமும் காட்டிவிடாது.

பெயரைப் பற்றியும் ஹல் ஹவுஸ் ஒன்றைச் சொல்கிறது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஜேன் ஆடம்ஸ் 1931-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார், 1935-இல் மறைந்தார். எலன் கேட்ஸ் ஸ்டார்தான் ஓவியத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவர். பள்ளிச் சுவர்களில் நல்ல படங்கள் இருக்க வேண்டும் என்பதற்காக 1894-இல் ஒரு சங்கம் தொடங்கினார். லண்டனுக்குப் போய்ப் புத்தகம் கட்டும் கைவினையைக் கற்றுவந்து ஹல் ஹவுஸில் கற்பித்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சைக்குப் பின் நடக்க முடியாதவராகி, கடைசி ஆண்டுகளை ஒரு கன்னியர் மடத்தில் கழித்து, 1940-இல் மறைந்தார். இன்று ஹல் ஹவுஸ் என்றால் பலருக்கு ஒரு பெயர்தான் தெரியும். ஆடம்ஸின் பெருமையில் நியாயம் இல்லை என்பதல்ல இதன் பொருள். முன்னதாக ஓய்ந்து விலகியவரின் பங்கை நினைவு தானாகப் பாதுகாப்பதில்லை. யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் அது நிற்கும். விடைகொடுக்கும் நாள் அதைச் செய்வதற்கு ஏற்ற நாள். அதைக் கடந்துவிட்டால் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது கடினமாகிக்கொண்டே போகும்.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பதில் இருக்கிறது. கூத்து ஜமாவில் சேர்ந்த பையன் வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டதைவிட, இரவுகளை அவருடன் கழித்துக் கற்றதே அதிகம். சின்ன வேஷம் கட்டுவான், பின்பாட்டுக்குக் குரல் கொடுப்பான், மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் பெரிய வேஷம் அவனிடம் வரும். அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் அன்றோடு மறைந்துவிடுவதில்லை. பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் போய் உட்கார்கிறார். பையன் அடியை மறந்தால் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிறார். அவருடைய விலகல் ஓரிரவில் நடப்பதில்லை, பல பருவங்களுக்கு நீள்கிறது. உள்ளே போகும் வேஷத்துக்குத் திரை பிடிக்காததை நான் இப்போது வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். களம் காலியாவதில்லை என்பதால் அதற்குத் திரை தேவைப்படவில்லை. இந்த முறையைப் பொன்னாகப் பார்க்கவும் வேண்டாம். அது பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளும் ஆண்களுக்குள்ளும் சுற்றியது, வயதான கூத்தருக்குப் பாதுகாப்பு எதையும் தரவில்லை. ஆனாலும் வேலை கைமாறிய பிறகே ஆள் விலகுவது என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

அந்த ஒழுங்கைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டுவந்ததுதான் காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தின் சாதனை. கூத்தர்கள் தாங்களே கூடி 1990-இல் தொடங்கிய சங்கம் அது. பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக்குழுவில் இறங்கியவரான பெ. ராஜகோபாலும், கூத்தை ஆராய வந்து இங்கேயே தங்கிவிட்ட நெதர்லாந்து அறிஞர் ஹன்னே டி புருயினும் அதன் முன்னணியில் நின்றார்கள். 2002-இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் சங்கம் குருகுலத்தைத் தொடங்கியது. கூத்துக் கற்க வேண்டுமானால் படிப்பை விட வேண்டும் என்ற பழைய நிலையை மாற்றி, பள்ளிக்கல்வியையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தது. பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை ஆண்கள் மட்டுமே அணிந்துவந்த புஜக்கட்டையையும் கிரீடத்தையும் பெண்கள் அணிந்து விடிய விடிய ஆடியது இந்தப் பள்ளியால் நடந்தது. குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளி மூடப்படுவது துக்கம்தான். அங்கே சேர்ந்து உழைத்தவர்கள் ஒருவரையொருவர் பிரிவதும் துக்கம்தான். ஆனால் அந்த இழப்பின் அளவை எதைக்கொண்டு கணிப்பது? மூடிய கதவைக்கொண்டு மட்டும் கணிக்கக் கூடாது. துரியோதனன் வேஷத்தைக் கட்டத் தெரிந்த பெண்கள் இன்று இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். ஆசிரியர்களின் வேலை யார் உடலில் போய்ச் சேர்ந்தது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிற இடத்தில், பிரிவு இழப்பாக மட்டும் முடிவதில்லை.

அப்படியானால் விடைகொடுப்பதை ஒரு மாலையிலிருந்து எடுத்து ஒரு காலத்துக்குள் வைக்க வேண்டும். விலகப்போகிறவரின் கடைசி ஓராண்டு அதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். பின்னால் வரப்போகிறவர் அந்த ஆண்டு முழுவதும் அவருடைய வகுப்பில் உட்கார வேண்டும். முதல் பாதியில் பெரியவர் நடத்த இளையவர் பார்க்கட்டும். மறுபாதியில் இளையவர் நடத்தப் பெரியவர் பின்னால் இருந்து எடுத்துக்கொடுக்கட்டும். எழுத முடிந்ததை இருவருமாக எழுதி வைக்க வேண்டும்: உடுப்பின் அளவு, அணிகலன் செய்யும் ஆசாரியின் ஊர், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரம், எந்தப் பாடத்தை எந்த வயதில் ஏன் வைத்தோம் என்பதன் காரணம். அவர் அமைத்த மெட்டு எது, அவர் கோத்த ஆட்டம் எது, அவர் வகுத்த பாடம் எது என்று பட்டியலிட்டு, இனி அவை நிகழும்போதெல்லாம் அவர் பெயர் சொல்லப்படும் என்று செயற்குழு தீர்மானம் போட வேண்டும். கணக்கெழுதியவருக்கும் விடுதியைப் பார்த்துக்கொண்டவருக்கும் இதே மரியாதை உண்டு. இவ்வளவும் முடிந்த பிறகு வருகிற பொன்னாடையில் ஒரு பொருள் இருக்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வேலைக்கு இரண்டு பேருக்கு ஓராண்டு சம்பளம் கொடுப்பது சிறிய அமைப்புக்குப் பெரிய பாரம். இங்கே பெரும்பாலான நிதி திட்டத்தை ஒட்டி வருகிறது. இத்தனை பட்டறை, இத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் கேட்கிறது. பணிமாற்றத்துக்கு அதில் தலைப்பே இருப்பதில்லை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய பங்கை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. அலுவலகத்தைத் தாங்குகிறவர்கள்மேல்தான் அந்த வெட்டு விழுகிறது. பணிக்கொடையின் நிலையும் இப்படித்தான். ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று 1972-இல் வந்த சட்டம் கணக்கு வகுத்தது. அதில் ஆசிரியர்கள் அடங்குவார்களா என்ற ஐயமே 2009-இல் வந்த திருத்தத்தால்தான் தீர்ந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள சிறு அமைப்புகளை அந்தச் சட்டம் தொடவில்லை. மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்ற பெயர்களில் ஆண்டாண்டாக வேலை பார்த்த கலையாசிரியர் பலர் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது என்றே நினைக்கிறேன். இருபதாண்டு உழைத்தவருக்கு அந்தக் கணக்குப்படி சேர வேண்டியது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அதை ஒரே நாளில் திரட்ட எந்தச் சிறு அமைப்பாலும் முடியாது. முதல் ஆண்டிலிருந்தே மாதம் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்துவைத்தால் முடியும். அப்படி எடுத்துவைப்பதற்கு, இவர் ஒரு நாள் போவார் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். நம்மிடம் பணத்தோடு அந்த மனமும் குறைவாக இருக்கிறது. நிதி கொடுப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கிற நீங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டும் ஆசிரியர் இருப்பாரா என்பதற்கான செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நெடுங்காலம் இருந்தவர்களே பல அமைப்புகளில் முட்டுக்கட்டையாக இருக்கிறார்கள். புதியவரை வளரவிடாமல், நாங்கள் அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தோம் என்று எதையும் மாற்ற விடுவதில்லை. அவர்கள் சீக்கிரம் போவதே நல்லது, அதற்கு எதற்கு ஓராண்டு என்று இளையவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய சலிப்பில் உண்மை இருக்கிறது. குரு பக்தி என்ற பெயரில் எத்தனையோ மூச்சுமுட்டல்கள் நடந்திருக்கின்றன. ஆனால் இந்த மறுப்பு என் பக்கத்தையே வலுவாக்குகிறது. கற்பிக்கும் இடத்தில் இருக்கும் ஒருவர் இடத்தை விட மறுப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். போனால் தன் வேலையும் தன் பெயரும் அழிந்துவிடும் என்ற அச்சம், நாளைக்கு எப்படிப் பிழைப்பது என்ற அச்சம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு என்பதை எலன் ஸ்டாரின் கதையும் நம் பணிக்கொடைக் கணக்கும் காட்டுகின்றன. அந்த அச்சங்களைத் தீர்த்துவைக்கிற அமைப்பில் பெரியவர்கள் எளிதாக விலகுவார்கள். இளையவருக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. அறியாமல் விட்டொழித்த பழையதை அவர் பின்னால் தேடி அலைய நேரும். அறிந்து, காரணம் கேட்டு, பிறகு மாற்றினால் அந்த மாற்றம் நிலைக்கும். நீவா பாய்டின் விளையாட்டுகளை ஸ்போலின் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முழுதாகக் கற்றதனால்தான் அவரால் அவற்றை வேறொன்றாக்க முடிந்தது.

காணொளியில் பதிந்து வைத்தால் போதாதா என்போருக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். பதிவு வேண்டும், அது நல்ல துணை. ஆனால் ஒளிப்பதிவு ஆசிரியர் செய்ததைக் காட்டும். கூச்சப்பட்ட பிள்ளையைப் பார்த்து அவர் செய்யாமல் விட்டதைக் காட்டாது. எப்போது திருத்த வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது கற்பித்தலில் பாதி. அதை அருகில் இருந்தே அறிய முடியும்.

கடைசியாக எழக்கூடிய மறுப்பு மனத்தைத் தொடுவது. பிரிவு என்பது அழுகை, அணைப்பு, நன்றி. அதைப் போய்ப் பொறுப்பு ஒப்படைப்பாக, பட்டியலாக, தீர்மானமாக மாற்றுகிறாயே, உடன் உழைத்தவர் மேல் இருக்கும் அன்புக்கு இதில் இடம் எங்கே என்று கேட்கலாம். அன்பைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலையைக் கற்பித்தவர்களிடம் அன்பைக் காட்டுவதற்கு அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதைவிடப் பெரிய வழி எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் பிள்ளைகளின் மௌனத்தைக் கவனித்த ஒருவருக்கு, அவர் கவனித்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் எதிரே உட்கார்வதைவிட எந்தப் புகழுரை இனிக்கும்? நம் மொழி இதை முன்பே அறிந்து வைத்திருக்கிறது. விடை என்ற ஒரே சொல் நமக்குப் பதிலையும் குறிக்கிறது, போவதற்கான அனுமதியையும் குறிக்கிறது. போகிறவர் போய்வருகிறேன் என்கிறார். இருப்பவர் விடை கொடுக்கிறார். போகிறவர் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி அந்தக் கணத்தில் இருக்கிறது: நான் செய்தது என்ன ஆகும்? அதற்குப் பதில் சொல்லாமல் கொடுக்கிற விடை பாதி விடைதான். பதிலோடு கொடுக்கப்படுவதைத்தான் பிரியாவிடை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆள் போகலாம், வேலை பிரியாமல் நிற்கும்.

ஆகவே செயற்குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெடுநாள் உடன் இருந்த ஒருவர் விலகப்போகிறார் என்று தெரிந்ததும், மண்டபத்துக்குச் சொல்லிவைக்கும் முன், பொன்னாடை வாங்கும் முன், ஒரு தாளை எடுத்து அவருடைய பெயரை எழுதுங்கள். அதன் கீழே, அவர் செய்துவந்ததை இன்று அவர் இல்லாமல் செய்யத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால் விழாவின் தேதியைத் தள்ளிவையுங்கள். முதலில் வகுப்பின் தேதியைக் குறியுங்கள்.